முகூர்த்தத்துக்குப் பட்டு, ரிசப்ஷனுக்குக் கம்பளி

கல்யாணப் புடவை எடுக்க எத்தனை பேர் போவார்கள் என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? பெண், பெண்ணின் அம்மா, அத்தை, சித்தி, மாப்பிள்ளை வீட்டிலிருந்து தனியாக ஒரு வேன். காலையில் காஞ்சிபுரத்தில் இறங்கினால் சாயங்காலம்தான் கிளம்புவார்கள். ஒவ்வொரு புடவையையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்து, தோளில் போட்டு, முந்தியை விரித்து, "இதே மாதிரி மாம்பழக் கலர்ல அரக்கு பார்டர் இருக்கா?" என்று ஐம்பதாவது முறையாகக் கேட்டு...

அதே கல்யாணத்தில் மாப்பிள்ளை ரிசப்ஷனுக்குப் போடுகிற கோட் சூட்? திரும்புகிற வழியில் ஏதோ ஒரு கடை. "கறுப்புல நல்லதா ஒண்ணு எடுங்க." பத்து நிமிஷம். முடிந்தது விஷயம்.

இந்தக் கதை அந்தப் பத்து நிமிஷ வேலைக்கு ஒரு முழு நாளைச் செலவழித்த மனிதரைப் பற்றியது.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். திருஞானசம்பந்தர் பாடிய திருமாகறலீசுவரர் கோயில் இருக்கிற ஊர். அந்த ஊரில் ஒரு பட்டு நெசவாளர். முப்பது வருஷமாகக் குழித்தறியில் கால் போட்டவர். வைகாசியில் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை வெளியில் எடுக்கவில்லை, அவர் தறியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஊர் உலகத்துக்கெல்லாம் நெய்து அனுப்பியவர் தன் வீட்டுக்கென்று பாவு போட்டது அதுதான் முதல் முறை.

அந்தப் பக்கம் கவலை இல்லை. கவலை எல்லாம் லிஸ்டின் அடியில் இருந்த ஒரே ஒரு வரியில்தான். "மாப்பிள்ளைக்கு கோட் சூட்." பெண் வீட்டார்தான் எடுத்துத் தர வேண்டும் என்று எந்த சாஸ்திரத்திலும் இல்லை. ஆனால் லிஸ்டில் இருக்கிறதே! போதாததற்குச் சம்பந்தியம்மா போனில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தார்: "விலை எல்லாம் பாக்காதீங்க, நல்லதா எடுங்க. அவனோட ஆபீஸ்ல இருந்து எல்லாரும் வருவாங்க." இந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்பது பெண்ணைப் பெற்ற எல்லாருக்கும் தெரியும்.

கோட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தது இருபதாயிரம். மாப்பிள்ளைக்கு சென்னையில், சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. ஒரு சனிக்கிழமை காலையில் காஞ்சிபுரத்தில் ரயில் ஏறி, செங்கல்பட்டு வழியாக மாம்பலத்தில் வந்து இறங்கினார். மாப்பிள்ளை பைக்கோடு காத்திருந்தார். "வாங்க மாமா, டிபன் சாப்டீங்களா?" நல்ல பையன்தான். அதனால்தான் சிக்கலே.

கதையைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துவிட்டு கம்பளி பற்றி இரண்டு வார்த்தை.

நம்ம ஊரில் கம்பளி என்றால் என்ன ஞாபகம் வரும்? தாத்தா போர்த்திக்கொள்ளும் கறுப்புப் போர்வை. குத்தும், கனக்கும், மார்கழிக்குத்தான் ஆகும். "வைகாசி வெயில்ல கம்பளிக் கோட்டா? மாப்பிள்ளையை அவிச்சு எடுக்கப் போறீங்களா?" என்று நெசவாளரின் மனைவி கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கோட் சூட்டுக்கான கம்பளி வேறு சாதி. ஆட்டு ரோமத்தைச் சும்மா கோதி நூற்றால் நூல் பொசுபொசுவென்று காற்றைப் பிடித்து வைக்கும். அது போர்வைக்கும் ஸ்வெட்டருக்கும். அதே ரோமத்தில் குட்டை முடிகளைச் சீவித் தள்ளிவிட்டு, நீள முடிகளை மட்டும் ஒரே திசையில் படியவைத்து முறுக்கினால் வழவழப்பான கெட்டி நூல் கிடைக்கும். அதற்கு வர்ஸ்டெட் என்று பெயர். இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியில் வர்ஸ்டெட் என்ற கிராமத்தின் பெயர்தான் துணிக்கே வந்துவிட்டது. காஞ்சிபுரம் என்று ஊர்ப்பெயரைச் சொன்னாலே புடவை என்று அர்த்தமாகிவிடுகிற மாதிரி.

ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. காஞ்சிபுரத்தில் மல்பெரி பயிரிட்டு, புழு வளர்த்து நெய்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. ஊரின் சொத்து கை வேலை. சூட் துணியும் அப்படித்தான். 1876ல் தொடங்கிய கான்பூர் லால் இம்லி, 1925ல் தொடங்கிய தானே ரேமண்ட் என்று இந்தியாவில் கம்பளி மில்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆனால் மெல்லிய சூட் துணிக்கான மெரினோ ரோமம் ஆஸ்திரேலிய ஆட்டின் முதுகிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. (தமிழ்நாட்டு ஆடுகளில் பெரும்பாலானவை கறிக்கு மட்டும்தான். விதிவிலக்காக நீலகிரி ஆடு ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிநாட்டு ஆடுகளோடு கலந்து உருவானது. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கிறார்கள். அதன் ரோமம் நல்ல மெலிசு.)

சரி, கடைக்குப் போவோம்.

தி.நகரில் ஒரு சூட்டிங் கடை. பெயர் எதற்கு? விற்பனையாளர் மாப்பிள்ளையைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். "ரிசப்ஷனுக்கா சார்?" என்று சொல்லிக்கொண்டே மூன்று தான்களை மேஜையில் உருட்டிவிட்டார்.

முதல் தான், பளபளவென்று கறுப்பு. மீட்டர் 400 ரூபாய். பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்தது. "இதுதான் சார் நல்லா மூவ் ஆகுது." இரண்டாவது, கையில் எடுத்தால் தண்ணீர் மாதிரி வழிகிற கரும்புள்ளிச் சாம்பல். மீட்டர் 6,000. அதன் கரையில் ஆங்கில எழுத்துகள் ஓடின: சூப்பர் 150. மூன்றாவதை அவர் தானாக எடுக்கவில்லை. ரேக்கின் ஓரத்தில் இருந்ததை நெசவாளர் கை காட்டியதால் எடுத்துப் போட்டார். கருநீலம். மினுமினுப்பே இல்லை. தொட்டால் லேசாக மொரமொரப்பு. மீட்டர் 2,000. முழுக் கம்பளி, சூப்பர் 100.

மாப்பிள்ளையின் கை இரண்டாவது தானை விட்டு நகரவில்லை. "மாமா, இதத் தொட்டுப் பாருங்க. பட்டு மாதிரியே இருக்கு!"

பட்டு நெய்கிறவரிடம் போய்ப் பட்டு மாதிரி இருக்கிறது என்கிறார். அவர் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. "அது என்ன நம்பர் தம்பி?" என்று விற்பனையாளரைக் கேட்டார்.

"நம்பர் ஏற ஏற குவாலிட்டி ஏறும் ஐயா. 100 நார்மல். 120 நல்லது. 150 டாப்."

இந்த பதிலை இந்தியாவில் எந்த சூட்டிங் கடையிலும் நீங்கள் கேட்கலாம். பாதி உண்மை. பாதி உண்மைதான் ஆபத்து.

பட்டு நெசவாளர்களுக்கு நூலின் அளவு டெனியரில் பழக்கம். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் டெனியர். அங்கே நம்பர் ஏறினால் நூல் தடிக்கும். பருத்தியில் கவுண்ட். அங்கே நம்பர் ஏறினால் நூல் மெலியும். கம்பளியின் கணக்கு பருத்திக் கட்சி. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு வியாபாரிகள் போட்ட பழைய கணக்கு அது. ஒரு பவுண்டு கம்பளியிலிருந்து 560 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை நூற்க முடியும்? 80 சிட்டம் வந்தால் 80. நிபுணர்கள் கண்ணாலும் விரலாலும் பார்த்தே நம்பர் சொன்ன காலம். இப்போது கருவி வைத்து முடியின் விட்டத்தையே அளக்கிறார்கள். சர்வதேசக் கம்பளி அமைப்பின் விதிப்படி சூப்பர் 100 என்றால் முடியின் சராசரி விட்டம் 18.75 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது. 120க்கு 17.75. 150க்கு 16.25. பத்து நம்பர் ஏறினால் அரை மைக்ரான் இறங்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடியே இதைப்போல மூன்று நான்கு மடங்கு தடிமன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2006ல் இந்த அளவுகளை வைத்துச் சட்டமே போட்டார்கள், கண்டபடி நம்பர் அடித்துக்கொள்ளக்கூடாது என்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த நம்பர் அளப்பது முடியை. துணியை இல்லை. நூல் எத்தனை இழை, எவ்வளவு முறுக்கு, எந்த நெசவு, ஒரு மீட்டர் என்ன எடை, எதையும் அது சொல்லாது. அரிசி பொன்னியா பாஸ்மதியா என்று மூட்டையில் போட்டிருக்கும், சோறு குழைந்ததா என்று போட்டிருக்காதே! மெல்லிய முடி மென்மையாக இருக்கும், அழகாக வழியும். சீக்கிரம் தேயவும் தேயும், சுருங்கவும் சுருங்கும். அலமாரியில் பதினைந்து கோட்டு வைத்திருக்கிறவர் 150 வாங்கலாம். ஒரே ஒரு கோட்டு வாங்குகிறவர் யோசிக்க வேண்டும்.

நெசவாளருக்கு இந்த மைக்ரான் எல்லாம் தெரியாது. அவர் செய்தது வேறு. இரண்டு தான்களிலிருந்தும் ஓரத்தில் ஒரு துண்டு மாதிரி கேட்டு வாங்கினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நகத்தால் ஓர் இழையைப் பாவிலிருந்தும் ஓர் இழையை ஊடையிலிருந்தும் உருவினார். ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே எதிர்த்திசையில் திருகினார். மொரமொரத்த கருநீலத்தில் பாவும் பிரிந்து இரண்டிழையாயிற்று, ஊடையும் இரண்டிழையாயிற்று. வழவழத்த சாம்பலில் பாவு இரண்டிழை. ஊடை பிரியவே இல்லை. ஒற்றை இழை.

"ஊடை ஒத்தை," என்றார்.

விற்பனையாளர் முதல் முறையாக அவரைச் சரியாகப் பார்த்தார். "ஐயா என்ன பண்றீங்க?"

"தறி."

இரண்டிழையை முறுக்கி நெய்தால் துணி எழுந்து நிற்கும், உராய்வு தாங்கும். இதைப் பட்டில் முப்பது வருஷமாகப் பார்த்தவர். காஞ்சிப் பட்டு மற்ற ஊர்ப் பட்டைவிடக் கனமாக, விறைப்பாக நிற்பதற்கு முறுக்கிய பல இழை நூல் ஒரு காரணம். பட்டுக்கு உண்டான நியாயம் ஆட்டு ரோமத்துக்கு இல்லாமல் போகுமா? சூட் துணி வியாபாரத்திலும் இதற்குப் பேர் இருக்கிறது. டூ-பை-டூ என்றால் பாவும் ஊடையும் இரட்டை. டூ-பை-ஒன் என்றால் ஊடை ஒற்றை. கேட்டால் சொல்வார்கள். கேட்கிறவர்கள் குறைவு.

அடுத்தது கை முஷ்டி. சாம்பல் துணியின் முனையைக் கையில் கசக்கிப் பத்து எண்ணும்வரை இறுக்கிப் பிடித்து விட்டார். சுருக்கம் நின்றது. கருநீலம் விட்டவுடன் மெதுவாக விரிந்துகொண்டது. அதிக முறுக்கு கொடுத்த நூலுக்கு அந்தக் குணம் உண்டு, சுருட்டி வைத்த ஸ்பிரிங் மாதிரி. பிறகு துணியை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். கருநீலம் ஒன்றுவிட்டு ஒன்று போகும் சாதா நெசவு. இழைகளுக்கு நடுவே புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தது. வாயருகே வைத்து ஊதினால் மறுபக்கம் கையில் காற்று படுகிறது. சாம்பல், சாய்வரி நெசவு. இழைகள் நெருங்கிப் படுத்துக் கிடந்தன. காற்று போகவில்லை.

சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் இந்த ஒரு சோதனை போதும் என்றே சொல்லலாம். வெயில் ஊரில் கோட்டு எடுக்கிறவர்கள் எடை குறைந்த துணியைத் தேடி ஓடுகிறார்கள். மீட்டருக்கு 250 கிராமிலிருந்து 280 கிராம் வரை உள்ள துணி நம் ஊருக்குத் தாராளமாகப் போதும். அதற்கும் கீழே போனால் துணி தொங்காது, பேண்ட் முட்டியில் பை விழும். எடையைவிட முக்கியம் துணி மூச்சு விடுகிறதா என்பது. முறுக்கு நூலில் சாதா நெசவாகத் திறந்து நெய்த 280 கிராம் துணி, நெருக்கி நெய்த 230 கிராம் துணியைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். இங்கிலாந்தில் ஃப்ரெஸ்கோ என்ற பெயரில் நூறு வருஷத்துக்கு மேலாக இதைத்தான் நெய்கிறார்கள். நம் கடைகளில் டிராப்பிக்கல் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

அப்புறம் வியர்வை. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. சாதாரண நிலையிலேயே கம்பளியில் 16 சதவீதம் அளவுக்கு ஈரம் இருக்கும். பட்டில் 11, பருத்தியில் 8.5. பாலியஸ்டரில்? 0.4. ரிசப்ஷன் மேடையில் வீடியோ லைட்டுக்கு நடுவே மூன்று மணி நேரம் நின்று முந்நூறு பேருக்குக் கை கொடுக்கிற மாப்பிள்ளை, பாலியஸ்டர் கோட்டுக்குள் என்ன ஆவார் என்று அந்த 0.4 சொல்லிவிடும். கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளைகள் முகம் ஏன் அப்படிப் பளபளக்கிறது என்று இப்போது புரிகிறதா?

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு சூட்டுக்குத் துணி 3.25 மீட்டர். தையல்கூலி 7,000 என்று வைத்துக்கொள்வோம். நல்ல துணிக்கும் மட்டமான துணிக்கும் கூலி ஒன்றுதான், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 400 ரூபாய்த் துணி: 1,300 கூட்டல் 7,000, மொத்தம் 8,300. புழுக்கம் தாங்காமல் ஒரு தடவை போட்டுவிட்டு பீரோவில் வைத்தால் ஒரு தடவைக்கு 8,300. சூப்பர் 150: 19,500 கூட்டல் 7,000, மொத்தம் 26,500. பார்த்துப் பார்த்துப் பத்து தடவை போட்டால் ஒரு தடவைக்கு 2,650. கருநீலம்: 6,500 கூட்டல் 7,000, மொத்தம் 13,500. ஆபீஸ், இன்டர்வியூ, நண்பன் கல்யாணம் என்று இருபத்தைந்து தடவை போட்டால் ஒரு தடவைக்கு 540. பாடப்புத்தகத்தில் டிப்ரிசியேஷனுக்குத் தமிழ் தேய்மானம். துணிக்கும் அதே வார்த்தைதான். வார்த்தையைக் கண்டுபிடித்தவர் துணி தேய்வதைப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்!

கணக்கு சுலபம். சொல்வதுதான் கஷ்டம். மாமனார் நிலையை யோசித்துப் பாருங்கள். மாப்பிள்ளை கை வைத்திருப்பது 6,000 ரூபாய்த் துணி. மாமனார் நல்லது என்று நினைப்பது 2,000 ரூபாய்த் துணி. காரணம் என்ன சொன்னாலும் காதில் விழுவது ஒன்றுதான்: "மாமா காசு பாக்கறாரு." இந்த ஒரு வார்த்தை சம்பந்தி வீட்டுக்குப் போனால் பெண்ணின் காது வரை வரும், இருபது வருஷம் கழித்துக்கூட. உண்மையில் காசும் இல்லை. ஆறாயிரத்துக்குப் போனால் ஒதுக்கி வைத்ததற்கு மேல் ஆறாயிரத்து ஐந்நூறு புரட்ட வேண்டும். புரட்டியிருப்பார். ஆனால் துணி என்று வந்துவிட்ட பிறகு, தெரிந்தே சுமாரானதை அதிக விலைக்கு வாங்க அவர் கை போகவில்லை. தொழில் புத்தி.

"மாப்பிள்ளை, வாங்களேன், ஒரு டீ சாப்ட்டு வருவோம்."

டீக்கடையில் அவர் செய்ததைப் பார்த்து மாஸ்டரே கிளாஸை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். சட்டைப் பையில் மூன்று துண்டு மாதிரிகள். தீப்பெட்டி ஒன்று வாங்கினார். பளபளத்த கறுப்பைக் கொளுத்தினார். ஒரு பக்கம் காகிதம் மாதிரி எரிந்தது, மறு பக்கம் உருகி, சொட்டி, கறுப்பு மணியாகக் கெட்டித்துக்கொண்டது. நகத்தால் உடைக்க முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்றம். அடுத்து சாம்பல். பற்றிக்கொள்ளத் தயங்கியது, தீக்குச்சியை எடுத்ததும் தானாக அணைந்தது, முடி கருகுகிற நாற்றம். சாம்பல் விரலில் பொடியாயிற்று. கருநீலமும் அப்படியே.

"ரெண்டும் அசல்தான்," என்றார். "பட்டும் இப்படித்தான் எரியும். புழு கொடுத்ததும் ஆடு கொடுத்ததும் ஒரே வாசனை."

அது அறிவியலும்கூட. பட்டும் கம்பளியும் இரண்டுமே புரதம். பருத்தியும் விஸ்கோஸும் செல்லுலோஸ், அதனால் காகித வாசனை. பட்டுக்குப் பாச்சை அரிப்பதும் கம்பளிக்குப் பூச்சி அரிப்பதும் இதனால்தான். காஞ்சிபுரத்தில் பாதிக் கடை வாசலில் 'அசல் பட்டு' போர்டு பார்த்து வளர்ந்தவர், லேபிளை நம்பாமல் நெருப்பை நம்புவதில் ஆச்சரியம் இல்லை. 2004ல் மத்திய பட்டு வாரியம் சில்க் மார்க் கொண்டுவந்ததற்கும், அதற்கு நாற்பது வருஷம் முன்பே 1964ல் வுல்மார்க் வந்ததற்கும் காரணம் ஒன்றேதான்: வாங்குகிறவன் ஏமாறுகிறான்.

"ரெண்டும் அசல்னா 150தானே மாமா பெட்டர்?" மாப்பிள்ளை விடவில்லை. நியாயமான கேள்வி.

நெசவாளர் டீயை ஒரு வாய் குடித்தார். "அது பெஸ்ட்தான், நான் இல்லைன்னு சொல்லல. மேடையில நிக்கறதுக்கு அது அழகா இருக்கும். ஆனா ஊடை ஒத்தை. நீங்க தினம் பைக்ல போறவரு. சீட்ல உக்காந்து எழுந்தா பேண்ட் மொதல்ல பளபளப்பு கொடுக்கும், அப்புறம் நூல் தெரியும். கோட்டு நல்லா இருக்கும், பேண்ட் போயிடும். பேண்ட் போனா கோட்ட என்ன பண்றது?" கொஞ்சம் நிறுத்தினார். "எனக்கு ஒரு ஆசை. அந்த நீலத்துல ஒரு கோட்டு, ரெண்டு பேண்ட்டா எடுத்துக்கலாம். மாத்தி மாத்திப் போட்டா பத்து வருஷம் வரும்."

இது வெறும் சாமர்த்தியம் இல்லை, நல்ல டெய்லர்கள் சொல்வதும் இதுதான். சூட்டில் முதலில் சாவது பேண்ட். அதே தானில் ஒன்றேகால் மீட்டர் கூடுதலாக வாங்கிவிட்டால் ஆயுள் இரட்டிப்பாகும். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அதே சாயம் திரும்பக் கிடைக்காது. அடுத்த பாவு, அடுத்த சாயம். நெசவுக்காரருக்குச் சொல்லித் தர வேண்டுமா?

மாப்பிள்ளை உடனே ஒப்புக்கொண்டார் என்று எழுத ஆசைதான். ஒப்புக்கொள்ளவில்லை. கடைக்குத் திரும்பி, இரண்டு தானையும் ஒவ்வொரு தோளில் போட்டுக்கொண்டு வாசல் வெயிலுக்குப் போனார். பட்டுப் புடவை பார்க்கிற பெண்கள் செய்வதை முதல் முறையாக ஒரு மாப்பிள்ளை செய்தார். வெயிலில் சாம்பல் லேசாக மின்னியது. கருநீலம் அமைதியாக இருந்தது. போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார். (யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.) பதில் வர ஐந்து நிமிஷம் ஆயிற்று. "உங்க பொண்ணு நீலம்தான் சொல்றா மாமா. அவ புடவைக்கு அதான் எடுக்குமாம்."

முப்பது வருஷ அனுபவம், இரண்டிழை ஊடை, டீக்கடைத் தீக்குச்சி எல்லாம் சேர்ந்து சாதிக்காததை ஒரு குறுஞ்செய்தி சாதித்தது. போகட்டும்.

கோட்டுத் துணி தேர்வில் கோட்டை விட்டவர்கள் பட்டியலில் பெரிய ஆட்களும் உண்டு. 1888ல் லண்டனுக்குப் படிக்கப் போன காந்தி, கப்பலில் இருந்து இறங்கும்போது போடலாம் என்று ஆசையாக ஒரு வெள்ளை ஃபிளானல் உடையைப் பத்திரமாக வைத்திருந்தார். ஃபிளானலும் கம்பளிதான். இறங்கிப் பார்த்தால் கரையில் அத்தனை பேரும் அடர்ந்த நிறத்தில், இவர் ஒருவர் மட்டும் வெள்ளையில். பிறகு பாண்ட் தெருவில் பத்து பவுண்டு கொடுத்து ஒரு மாலை நேர சூட் தைத்துக்கொண்டதையும் அவரே வருத்தத்தோடு சத்தியசோதனையில் சொல்லியிருக்கிறார். முப்பத்து மூன்று வருஷம் கழித்து, 1921 செப்டம்பரில், நம்ம மதுரையில்தான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அரைவேட்டிக்கு மாறினார்.

துணியோடு டெய்லரிடம் போனார்கள். வயதானவர், காது கொஞ்சம் மந்தம், கத்தரிக்கோல் கனம் ஒரு கிலோ இருக்கும். துணியை விரித்ததுமே "நல்லா எடுத்திருக்கீங்க" என்றார். மாப்பிள்ளை முகத்தில் அப்போதுதான் முழுத் தெளிவு வந்தது.

அங்கேயும் ஒரு கண்டம் இருக்கிறது, பலர் கோட்டை விடுவது அங்கேதான். மூச்சு விடுகிற துணியை எடுத்துவிட்டு உள்ளே முழுக்க பாலியஸ்டர் லைனிங் வைத்துத் தைத்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு கதவைச் சாத்தின மாதிரி. முதுகில் பாதி லைனிங் போதும், கைக்கு மட்டும் முழுசாக, அதுவும் விஸ்கோஸில். நெஞ்சுப் பகுதிக்குப் பசை வைத்து ஒட்டுகிற ஃப்யூஸிங் மலிவு, சீக்கிரம் முடியும். ஆனால் வியர்வையிலும் டிரை கிளீனிங்கிலும் பசை விட்டு நாளடைவில் குமிழ் குமிழாக எழும்பக்கூடும். கேன்வாஸ் வைத்துக் கையால் தைத்தால் கூலி கூடும், தொல்லை இல்லை. டெய்லர் இரண்டையும் சொல்லிவிட்டு நெசவாளர் முகத்தைப் பார்த்தார். நெசவாளர் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தார்.

"கேன்வாஸே வெச்சிடுங்க மாமா, அதுக்கு ஆகறத நான் தரேன்," என்றார் மாப்பிள்ளை.

"அதெல்லாம் வேணாம் மாப்பிள்ளை."

"இல்ல மாமா. நான் தரேன்."

யார் கொடுத்தார்கள் என்பது அந்தக் குடும்பத்து விஷயம்.

ட்ரையலுக்கு வைகாசி முதல் வாரம் தேதி குறித்தார்கள். வெட்டிய பிறகு மிஞ்சுகிற துண்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம், தரச் சொல்லுங்கள் என்று கேட்டு வைத்தார் நெசவாளர். டெய்லர்கள் சொன்னபடி செய்வது அபூர்வம். இவர் செய்தார்.

அந்தத் துண்டு இப்போது மாகறலில், தறிக்கு மேலே உத்தரத்தில் தொங்குகிற பழைய பஞ்சாங்கத்துக்குள் இருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் கடை பெயர், மீட்டர் விலை, எத்தனை மீட்டர் பிடித்தது, எல்லாம் எழுதியிருக்கிறார். மனைவி கேட்டாராம், இதை எதுக்குப் பத்திரப்படுத்துறீங்க என்று.

"ரெண்டாவது பொண்ணு இருக்காளே!"